ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரே கால்

கொதித்துக்கொண்டிருந்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றியவர் என் வீட்டுக்காரர். நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தக்காரர்கள் இப்போது வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பொம்பளை ஓட்டி ஓட்டித்தான் வண்டி போனது என்கிறார்கள்.

எனக்குத் தொழில் இட்லி மாவு. பெரம்பலூரில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, கிரைண்டர் வைத்து அரைத்து, பாக்கெட் போட்டு அரியலூர் வரைக்கும் கடைகளுக்கும் மெஸ்களுக்கும் கொடுக்கிறேன். அதற்காகத்தான் அந்தப் பழைய காரை வாங்கினோம். பெரிய கார். பின் சீட்டுகளை மடக்கிவிட்டால் மாவு ட்ரே அடுக்கலாம். நிமிர்த்திவிட்டால் சொந்தக்காரர்கள் ஏறிவிடுவார்கள். அதுதான் அந்த வண்டியின் கெட்ட குணம்.

ஆரம்பத்தில் அவர்தான் ஓட்டினார். அவருக்கு ஒரு விதைக் கடையில் வேலை. காலையில் அரியலூர் போய் மாவை இறக்கிவிட்டு வந்து கடைக்குப் போவார். உடம்பு முடியவில்லை, கடையில் சரக்கு வருகிறது, யாரோ செத்துப்போனார்கள் என்று அவர் வராத நாளெல்லாம் என் மாவு வீட்டிலேயே கிடந்து புளித்தது. புளித்த மாவை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. வேறு வழி இல்லை.

இன்ஜின் போன அன்றைக்கு அரும்பாவூரில் நாத்தனார் மகளுக்குக் காது குத்து. என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் குத்த வேண்டும். அதுவும் ராகு காலத்துக்கு முன்னால். நாங்கள் கிளம்பியதே தாமதம். சீர்த்தட்டு, வாழைத்தார், பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, என் மாமியார், வீட்டுக்காரருடைய பெரியப்பா, பெரியம்மா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். நான் கடைசி சீட்டில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணாபுரம் தாண்டியதும் சூடு காட்டுகிற முள் மேலே ஏறிவிட்டது. எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"ஏங்க, முள்ளு மேல நிக்குது. ஓரமா நிப்பாட்டுங்க."

"அது அப்படித்தான் காட்டும். மீட்டர் கோளாறு."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு. நான்தானே ஓட்டுனேன்."

"நீ ஓட்டுனதுலதான் கோளாறாயிருக்கும்."

வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் முன்பக்கம் ஆவி கிளம்பியது.

ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினார். ஆற விடுங்க, அவசரப்படாதீங்க என்று டீக்கடைக்காரரே சொன்னார். நானும் சொன்னேன். ஆனால் நாத்தனாரிடமிருந்து போன் மேல் போன். "அண்ணே, எங்கண்ணே இருக்க? ஆசாரி வேற வூட்டுக்குப் போவணும்ங்கறாரு. நேரம் போச்சுன்னா எம்புள்ளைக்கு யாரு மடி குடுக்கறது?" அவர் துண்டைச் சுற்றிப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகினார். உள்ளே இருந்த தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கை வேகாமல் தப்பியதே பெரிது. அப்படியும் அடங்காமல், டீக்கடைத் தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை அள்ளி ஊற்றினார். இன்ஜினுக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. தட்டு கீழே விழுந்த மாதிரி. எல்லோருக்கும்தான் கேட்டது. எல்லோரும் மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். மடியில் உட்கார வைத்தார்கள், காது குத்தினார்கள், பிள்ளை அழுதது, எல்லோரும் கறி விருந்து சாப்பிட்டார்கள். திரும்பி வரும்போது ஊர் எல்லையிலேயே வண்டி கடகடவென்று உதறிவிட்டு நின்றது. அதன்பிறகு அது பேசவே இல்லை. நாத்தனார் வீட்டு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பெரம்பலூர் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

துறையூர் ரோட்டில் ஒரு மெக்கானிக். என்னைவிட வயதில் சின்னவன், வேலை பரவாயில்லை, வாய்தான் அதிகம். பிரித்துப் பார்த்துவிட்டு, விரிசல் விட்டுவிட்டது, இதைத் திருப்பிக் கட்டுவதற்கு வேறு இன்ஜினே மாற்றிவிடலாம் என்றான். திருச்சியிலிருந்து ஒன்று வந்தது. உள்ளே பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டுத் தயார் பண்ணிய இன்ஜின். அது வருகிற வரைக்கும், மாட்டுகிற வரைக்கும், நான் ட்ரேக்களை ஆட்டோவில் ஏற்றி, பஸ்ஸில் ஏற்றி, மறுபடி ஆட்டோவில் ஏற்றி மாவு கொடுத்தேன். எவ்வளவு செலவு ஆனது என்று எழுதப் போவதில்லை. எழுதினால் மறுபடி கோபம் வரும்.

வண்டியை எடுக்க நாங்கள் இரண்டு பேரும் போனோம். மெக்கானிக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் பாடம் நடத்தினான்.

"சார், நல்லாக் கேட்டுக்குங்க. முதல் ஆயிரம் கிலோமீட்டர் வெரட்டக் கூடாது. அம்பதைத் தாண்டாதீங்க. அதுக்குன்னு ஒரே வேகத்துலயும் போவக் கூடாது. கூட்டிக் கொறைச்சு, கூட்டிக் கொறைச்சுப் போவணும். அப்பத்தான் ரிங்கு ஒழுங்கா ஒக்காரும். லோடு ஏத்தாதீங்க."

"மாவு வண்டி. லோடு ஏத்தாம எப்படி?" கேட்டது நான்.

"பாதி லோடு ஏத்திக்குங்க சார்."

"ஏ.சி. போடலாமா?" இதையும் நான்தான் கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு வேணாம் சார்."

நான் கேட்கிறேன், அவன் அவரைப் பார்த்துப் பதில் சொல்கிறான். நான் என்ன சுவரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்ததைச் சொன்னான்.

"முக்கியமான விஷயம் சார். ஒரே கால்தான். ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்டுனா இன்ஜின் செட்டாவாது. யாரு கால்ல செட்டாவுதோ அவங்களுக்குத்தான் கடைசி வரைக்கும் ஒழுங்கா ஓடும்."

இது நிஜமா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஆக்சிலேட்டரை மிதிப்பது யார் என்று இன்ஜின் எட்டிப் பார்க்குமா? ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். டிராக்டர் வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள், லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். புது டிராக்டர் எடுத்தால் கூடப்பிறந்த தம்பிக்குக்கூட ஓட்டக் கொடுக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரரும் நம்புகிறவர்தான். உடனே தலையை ஆட்டினார்.

"நானே ஓட்டிக்கிறேன். இவகிட்டக் குடுக்க மாட்டேன்."

அப்போது எனக்கு விளங்கிவிட்டது. அவர் காலில் செட்டாகிவிட்டால் அதோடு வண்டி அவருடையது. நான் சாவியைத் தொட்டாலே, ஏய் வேணாம், இன்ஜின் போயிடும் என்பார். கேட்கிறவர்களும் ஆமாம் என்பார்கள். மறுபடி அவருக்கு எப்போது நேரம் இருக்கிறதோ அப்போதுதான் என் மாவு அரியலூர் போகும். இத்தனை வருஷம் அரைத்ததெல்லாம் மறுபடி புளிக்க ஆரம்பிக்கும்.

"என் கால்தான்" என்றேன்.

மெக்கானிக் குனிந்து என் காலைப் பார்த்தான். ரப்பர் செருப்பு, மேலே காய்ந்துபோன மாவு.

"தெனம் அரியலூருக்கு ஓட்டுறது யாரு? நானு. அப்ப என் கால்லதான் செட்டாவணும்."

"ஆயிரம் கிலோமீட்டர் பொறுமையா ஓட்டுவியா நீ? ஒரு ஆட்டோக்காரன் குறுக்க வந்தாலே எறங்கிச் சண்டைக்குப் போற ஆளு" என்றார் அவர்.

"உங்களுக்கு முள்ளு பாக்கத் தெரியுமா?"

மெக்கானிக் ஸ்பேனர் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டான். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து பாதி ட்ரே காரில், பாதி ட்ரே பஸ்ஸில் என்று ஆனது. காரில் நான். பஸ்ஸில் அவர். தண்டனையாகக் கொடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். லோடு ஏற்றக் கூடாது, மாவும் போயாக வேண்டும், வேறு என்ன செய்வது? நான் முதலில் கிளம்பிவிடுவேன். பேரளிக்குப் பக்கத்தில் அவருடைய பஸ் என்னைத் தாண்டிப் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், மடியில் ஒரு ட்ரே இருக்கும். என்னைப் பார்க்க மாட்டார். நேராகப் பார்த்துக்கொண்டு போவார்.

முப்பது, நாற்பது, ஐம்பது. மறுபடி முப்பது. அரியலூர் ரோட்டில் இப்படி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகள் முதுகுக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். ஹாரன் அடித்தே என்னை ரோட்டைவிட்டு இறக்கப் பார்ப்பார்கள். ஒருவன் சித்தளிக்கிட்டே பக்கத்தில் வந்து, வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டினான்.

"யக்கா, எறங்கித் தள்ளி விடட்டுமா?"

"தள்ளு. அரியலூர் வரைக்கும் தள்ளு" என்றேன்.

"இன்ஜின் வேலையா?"

"ஆமா. புது இன்ஜின்."

"அதானே பாத்தேன். ஒரே கால்ல ஓட்டுக்கா!" என்று கத்திவிட்டுப் போனான். அவனும் அந்தக் கட்சிதான். ஆனால் அதற்குப்பிறகு அந்த லாரி என்னைப் பார்த்தால் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கித் தாண்டிப் போகும். மற்ற லாரிகள் எப்போதும்போலத்தான்.

எனக்குப் பொறுமை கிடையாது. யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த வேகத்தில் கோபப்பட ஒன்றும் இல்லை. நான் யாரையும் முந்தவில்லை, அதனால் யாரும் எனக்குக் குறுக்கே வரவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவேன். முதலில் கொஞ்சம் முரட்டுச் சத்தம், தொண்டை கட்டினவன் பேசுகிற மாதிரி. நாள் போகப்போகக் கொஞ்சம் தெளிந்தது. மெதுவாகப் போனதால் பருத்திக் காட்டில் களை எடுக்கிறவர்கள் பேசுவதுகூடக் காதில் விழுந்தது. இத்தனை வருஷம் அந்த வழியாகப் போயிருக்கிறேன், மக்காச்சோளத்துக்கு நடுவில் ஒரு கிணறு இருப்பதே எனக்குத் தெரியாது. இதெல்லாம் பெரிய ஞானம் என்று சொல்ல வரவில்லை. கிணறு இருந்தது, பார்த்தேன், அவ்வளவுதான்.

அரியலூர் போய் வருகிறது மட்டும் போதவில்லை. சீக்கிரம் ஆயிரத்தை முடிக்க வேண்டும் என்று மத்தியான நேரத்தில் சும்மாவும் ஓட்டினேன். ஒருநாள் குன்னம் வரைக்கும், ஒருநாள் லப்பைக்குடிக்காடு வரைக்கும். போவேன், திருப்புவேன், வருவேன். எங்கள் ஊரில் ஒரு பொம்பளை காரணம் இல்லாமல் கார் ஓட்டிக்கொண்டு போனால் அது செய்தி. பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரிடம், வீட்டில் எதுவும் பிரச்சினையா என்று விசாரித்திருக்கிறார். லப்பைக்குடிக்காட்டில் ஒரு கடையில் சோடா குடிக்க நிறுத்தினேன். கடைக்கார பாய், "யாரு வூட்டுக்கும்மா வந்தீங்க?" என்றார்.

"யாரு வூட்டுக்கும் இல்ல பாய். சோடா குடிச்சிட்டுத் திரும்பிப் போறேன்."

"பெரம்பலூர்லேருந்து சோடா குடிக்கவா வந்தீங்க? மாஷா அல்லாஹ், நம்ம சோடாவுக்கு இவ்வளவு பேரா!"

விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். அவருடைய மகன் துபாயில் வண்டி ஓட்டுகிறானாம். அங்கேயும் இப்படித்தானா என்று கேட்டேன். அங்கே புது இன்ஜினை யார் பார்க்கிறார்கள், வண்டியையே மாற்றிவிடுவார்கள் என்றார்.

பாதிக்கு மேல் ஓடிவிட்டது. இனி ஒழுங்காக முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தபோது மாமியார் சிறுவாச்சூரை நினைவுபடுத்தினார். புது இன்ஜின் போட்டால் புது வண்டி மாதிரிதான், காளியம்மனுக்குப் பூசை போடாமல் ஓட்டலாமா? திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் அந்தக் கோயில் நடை திறக்கும். திங்கட்கிழமை போவதாக முடிவானது. எனக்கும் சாமி பயம் உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாவை இறக்கிவிட்டு வந்து, வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். பின் சீட்டையெல்லாம் நிமிர்த்தியாகிவிட்டது. அரும்பாவூரிலிருந்து நாத்தனார், அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள் வந்து இறங்கியிருந்தார்கள். மாமியார், பெரியப்பா, பெரியம்மா எல்லோரும் உள்ளே. ஒரு பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் எறங்குங்க" என்றேன்.

"என்ன அண்ணி, ஏறுனவங்கள எறங்கச் சொல்றீங்க? அதுவும் கோயிலுக்குக் கெளம்பறப்ப" என்றாள் நாத்தனார்.

"லோடு ஏத்தக் கூடாது."

"நாங்க லோடா?"

"ஆமா."

பெரியப்பா ஜன்னல் வழியாக, "நான் என்னம்மா பெரிய லோடு? காலையில ரெண்டு இட்லிதான் தின்னேன்" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. சிறுவாச்சூருக்கு எவ்வளவோ பஸ் போகிறது, ஏறிப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். நாத்தனார் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாமியாரின் கையைப் பிடித்து இறக்கினார். அவரும் அவர்களோடு பஸ்ஸுக்கே போனார்.

எட்டுப் பேர் உட்காரக்கூடிய காரை நான் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். முன்னால் அந்த பஸ். பின் கண்ணாடியில் நாத்தனார் பிள்ளைகள் இரண்டும் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு எனக்கு டாட்டா காட்டின. நானும் காட்டினேன்.

கோயிலுக்கு வெளியே வண்டிகளுக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். யார் வண்டியை எடுப்பது என்று பூசாரி கேட்டார். அண்ணன்தான் எடுக்கணும் என்றாள் நாத்தனார். எல்லோரும் நிற்கிறார்கள், சாமி சந்நிதி. காலையில் எல்லோரையும் இறக்கிவிட்டவள் நான்.

"ஒரு அடிதானே. பழத்து மேல ஏத்திட்டு நிப்பாட்டிடறேன். குடு" என்றார் என் வீட்டுக்காரர்.

கொடுத்தேன். பழம் நசுங்கியது. நான் மாவிளக்குப் போட உள்ளே போனேன். கூட்டம் அதிகம், வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் வண்டி இருந்த இடத்தில் நாலு நசுங்கின பழம் மட்டும் கிடக்கிறது. ஆட்களும் இல்லை, வண்டியும் இல்லை.

போன் பண்ணினேன். நாத்தனார்தான் எடுத்தாள். பின்னால் பாட்டுச் சத்தம்.

"அண்ணி, நாங்க பெரம்பலூருக்கே வந்துட்டோம். நீங்க பஸ்ல வந்துடுங்க."

"ஏன்?"

"நீங்கதானே சொன்னீங்க லோடு ஏத்தக் கூடாதுன்னு. ஒரு ஆளு கொறைஞ்சா வண்டிக்கு நல்லதுதானே!"

வண்டிக்குள் எல்லோரும் சிரிப்பது எனக்குக் கேட்டது.

பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பிரசாதம். கோபம்தான். ஆனால் கத்துகிற கோபம் இல்லை. என்ன செய்யலாம் என்று யோசிக்கிற கோபம். வீட்டுக்கு வந்ததும் பானட்டில் கை வைத்துப் பார்த்தேன். வைக்க முடியவில்லை.

"எவ்வளவுல ஓட்டுனீங்க?"

"ஹைவேஸ்தானே. ரோடு நல்லா இருந்துச்சு."

"எவ்வளவு?"

"எம்பது. ஒரு எடத்துல தொண்ணூறு இருக்கும்."

"அதான் சாமி கும்புட்டாச்சே அண்ணி. இனிமே என்ன ஆவப் போவுது?" என்றாள் நாத்தனார். அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னாள். எல்லோருக்கும் இட்லி வைத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் அவரிடம் சொன்னேன். "ரெண்டு கால் பட்டாச்சு. இனிமே உங்க கால்லயே செட்டாவட்டும். காலையில நீங்க கார்ல போங்க. நான் பஸ்ல வரேன்."

அவர் சந்தோஷப்பட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியும்போது அவர் காரில் கிளம்பினார். நான் ட்ரேக்களோடு பஸ்ஸில். பேரளிக்கு முன்னால் அவரைத் தாண்டினோம். அவருக்குப் பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் ஐம்பதில்தான் போய்க்கொண்டிருந்தார். அது எனக்கே ஆச்சரியம். என் இஷ்டத்துக்கு அவரைத் திட்டலாம் என்று வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் வீணாகப் போயின.

அரியலூர் மெஸ்காரம்மா போன் பண்ணினார். "என்னக்கா, அண்ணனை அனுப்பியிருக்க? ட்ரேயை எறக்கித் தர மாட்டேங்கறாரு. ஹாரன் அடிச்சிட்டு உள்ளயே உக்காந்திருக்காரு. நான் என்ன அவருக்கு வேலைக்காரியா?"

"நீயும் உள்ளயே உக்காந்திரு. அவரா எறங்கி வருவாரு" என்றேன்.

இறங்கித்தான் வந்திருக்கிறார். மாவு இறக்கி, காலி ட்ரே ஏற்றி, மெதுவாகத் திரும்பி வந்து, விதைக் கடைக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் சாயங்காலம் நான் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தபோது கொட்டகைக்குள் வந்து நின்றார்.

"வண்டி கொஞ்சம் புகை விடுது."

"எந்தக் கலருல?"

"வெள்ளையும் இல்லாம நீலமும் இல்லாம. காலையில எடுக்கறப்ப மட்டும்."

"விடட்டும்."

"ஏதாவது ஆச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது."

கிரைண்டரை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். "உங்களைத்தான் சொல்லுவேன். முதல் இன்ஜின்ல யாரு தண்ணி ஊத்துனதுன்னு இதுவரைக்கும் நான் யாருகிட்டயும் போயிச் சொல்லல. எல்லாரும் என்னையச் சொல்றாங்க, நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க. இந்த இன்ஜினும் போச்சுன்னா அரும்பாவூர் வரைக்கும் போயி ஒவ்வொரு வூடா சொல்லிட்டு வருவேன்."

அவர் கீழே கிடந்த காலி ட்ரேக்களை எடுத்து அடுக்கி வைத்தார். பிறகு சாவியைக் கிரைண்டர் மூடிமேல் வைத்தார்.

"நீயே ஓட்டு. எனக்கு நெஞ்சு படபடன்னு வருது. ஒவ்வொரு சத்தத்துக்கும் போச்சு போச்சுன்னு இருக்கு."

அந்தப் பயம் எனக்கும் உண்டு, ஆனாலும் அவரிடம் சொல்லவில்லை. மீதி தூரத்தை நான் ஓட்டினேன். அவர் பஸ்ஸுக்குப் போனார். புகை இரண்டு மூன்று நாள் இருந்தது, பிறகு நின்றது. அந்தத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் உள்ளே எதையாவது கீறிவிட்டதா, என்றைக்காவது அது தெரியுமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் முள்ளைப் பார்த்துக்கொண்டே போனேன். அது நடுவிலேயே நின்றது.

ஆயிரம் முடிந்ததும் ஆயில் மாற்ற இரண்டு பேரும் போனோம். மெக்கானிக் கீழே படுத்துத் திருகைக் கழற்றினான். பழைய ஆயில் தட்டில் இறங்கியது. அவன் அதில் விரலைத் தொட்டு வெயிலில் நீட்டிப் பார்த்தான். விரல் நுனியில் வெள்ளி மாதிரித் தூள் மினுங்கியது. என் வீட்டுக்காரர் குனிந்து கிட்டே வந்து பார்த்தார்.

"என்னய்யா இது?" என்றார்.

"பயப்படாதீங்க சார். புது ரிங்கு தேஞ்ச தூளு. இந்த அளவு இருக்கத்தான் செய்யும்." புது ஆயிலை ஊற்றி, வண்டியைக் கிளப்பி, வேகத்தை ஏற்றி இறக்கி, காதை வைத்துக் கேட்டான். "சூப்பரா செட்டாயிருக்கு. சார் நிதானமா ஓட்டியிருக்கீங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஆயில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஓட்டலப்பா. நடுவுல கொஞ்ச நாள் கையை வச்சேன், அவ்வளவுதான். மத்ததெல்லாம் இவங்கதான்."

இவள் என்று சொல்லவில்லை, இவங்க என்று சொன்னார். மெக்கானிக் என் பக்கம் திரும்பினான். "அப்ப அடுத்த ஆயிலை அஞ்சாயிரத்துல மாத்திடுங்கக்கா" என்றான். என் முகத்தைப் பார்த்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். சரி என்றேன்.

நான் வண்டியை எடுத்தேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாலு ரோடு சிக்னலுக்கு வருவதற்குள் அவருடைய போன் அடித்தது. நாத்தனார். சத்தமாகப் பேசுகிறவள், போனை வெளியில் வைத்த மாதிரியே எனக்குக் கேட்டது.

"அண்ணே, ஞாயித்துக்கெழம எங்க மாமனார் வழியில ஒரு கல்யாணம். ஜெயங்கொண்டம். காரு வருமா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்கிட்ட ஏன் கேக்குற? அண்ணிகிட்டக் கேளு. அவதான் ஓட்டுறா" என்று போனை என் காதோடு வைத்தார்.

"அண்ணி..." என்று இழுத்தாள்.

"காலையில மாவை எறக்கிட்டுத்தான் வருவேன். எத்தனை பேரு?"

"அஞ்சே பேருதான் அண்ணி."

"சின்னப் புள்ளைங்களையும் சேத்து எண்ணு" என்றேன்.

அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு என்று முணுமுணுப்புக் கேட்டது. எண்ணிக்கொண்டிருந்தாள்.